ஒரு பாகைக்கு ஒரு சென்ரிமீற்றர்

கிளிநொச்சிக்குத் தெற்கே, இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீர் பாயும் வயல்களின் நடுவில் எமது சனசமூக நிலையம் இருக்கிறது. அதன் வாசிகசாலைக்குச் சென்ற ஆண்டு தை மாதத்தில் நான்கு பெட்டி நூல்கள் வந்து சேர்ந்தன. புலம்பெயர்ந்து வாழும் ஊரவர் சிலர் சேர்த்து அனுப்பியவை அவை. பாதிக்கு மேற்பட்டவை சிறுவர் நூல்கள். அவற்றுட் பல பிற நாட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையையும் கதைகளையும் கூறுபவை. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் அவற்றைத் தரம் பிரித்து அடுக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். அடுக்கி முடித்துவிட்டால் என் கடமை தீர்ந்தது என்றே நானும் எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் மாலை, கென்யாவில் ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தியின் கதையை வாசித்து முடித்த ஏழாம் தரப் பிள்ளையிடம், கென்யா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "கனடாவுக்குப் பக்கத்தில, ரீச்சர்" என்றாள். அவளுடைய மாமா கனடாவில் இருக்கிறார். ஆகவே வெளிநாடு என்பது அவளுக்குக் கனடாவும் அதன் அயலும்தான். மற்றப் பிள்ளைகளிடம் கேட்டபோதும், பெரியப்பாவோ சித்தியோ வாழும் நான்கைந்து நாடுகளே அவர்களது உலகமாக இருந்தன. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், கதை நடக்கும் இடத்தைத் தன் ஊரிலிருந்து இத்தனை தூரம், இந்தத் திசை என்று பிள்ளை தன் கையால் அளந்து குறிக்காதவரை, அந்தக் கதை 'ஒரு ஊரில ஒரு ராசா' என்று தொடங்கும் கதைகளோடுதான் போய்ச் சேரும் என்று தோன்றியது. வாசிகசாலையின் வடக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. அதில் உலகப்படம் ஒன்றைக் கீறி, ஒவ்வொரு நூலுக்கும் அதில் இடம் குறிப்பது என்று முடிவு செய்தோம். ஐந்தாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

அதற்கு முன் நூல்களைச் செப்பனிட வேண்டியிருந்தது. கப்பலில் வந்தவை ஈரம் பட்டுப் பருத்திருந்தன. சிலவற்றின் முதுகு கழன்றிருந்தது. ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமற் கரைத்து, இளஞ்சூட்டில் கிளறிப் பசை காய்ச்சினோம். பூச்சி அணுகாதிருக்க ஒரு சிட்டிகை துரிசு சேர்த்தேன். அது நஞ்சு என்பதால் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவில்லை. கழன்ற தாள்மடிப்புகளை மெழுகு பூசிய நூலால் தைத்து, பழைய சேலைத் துணியை முதுகில் ஒட்டி, ஓர் இரவு சீமெந்துக் கற்களின் கீழ் வைத்தால் போதும். யாரோ முன்னர் பிளாஸ்ரிக் பசைநாடாவால் ஒட்டியிருந்த பக்கங்களே எமக்குப் பெரும் தொல்லை தந்தன. அந்த நாடா மஞ்சளித்து, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. நூலை நேசிப்பவர்கள் அதை நூலின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

முதலாவது படம் பிழைத்தது. பிழை என்னுடையது. பழைய பாடசாலை நிலப்படம் ஒன்றைச் சுவரின் அளவுக்குக் கட்டம் போட்டுப் பெருப்பிக்கச் சொன்னேன். இரண்டு நாளில் பென்சிற் கோடுகள் முடிந்தன. கடலுக்கு நீலமும் பூசத் தொடங்கிவிட்டோம். அப்போது எட்டாம் தரப் பையன் ஒருவன், கிறீன்லாந்து ஆபிரிக்காவின் அளவுக்கு இருக்கிறதே, அவ்வளவு பெரிய நாட்டைப் பற்றி ஒரு புத்தகம்கூட ஏன் இல்லை என்று கேட்டான். நிலப்படத்தை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். 1569 ஆம் ஆண்டில் மெர்காட்டர் என்ற நிலப்பட வரைஞர் கடலோடிகளுக்காக வகுத்த முறையில் அமைந்த படம் அது. திசைகாட்டி காட்டும் கோணத்தை மாற்றாமல் காப்பதற்காக, துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தைப் பெருப்பித்துக் காட்டுவது அதன் இயல்பு. அகலக்கோடுகளுக்கிடையிலான இடைவெளி மேலே போகப் போக விரிவதை முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும்.

சொல்லி விளக்குவதற்குப் பதிலாக ஒரு தோடம்பழத்தின் மேல் கண்டங்களைப் பேனாவாற் கீறி, தோலை உரித்து மேசையில் தட்டையாகப் பரப்பச் சொன்னேன். பரப்பினால் கிழிகிறது, கிழியாமற் பரப்ப வேண்டுமானால் இழுக்க வேண்டும். எங்கே இழுப்பது என்பதுதான் படம் கீறுபவரின் தெரிவு. பழத்தைத் தின்ற பிறகு அடுத்த கணக்குக்குப் போனோம். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். சதுரக் கொப்பித் தாளில் ஒரு சதுரத்தை ஓர் இலங்கை என்று வைத்துக்கொண்டு மற்ற நாடுகளை வெட்டினோம். கிறீன்லாந்துக்கு 33 சதுரங்கள் வந்தன. இந்தியாவுக்கு 50, கனடாவுக்கு 152. ஆபிரிக்காக் கண்டத்துக்கு 460 சதுரங்கள் வேண்டியிருந்ததால் தாள்களை ஒட்டியே வெட்ட நேர்ந்தது. கிறீன்லாந்தைக் கேள்வி கேட்ட பையன் அதன் துண்டை ஆபிரிக்காத் துண்டின் மேல் பதின்மூன்று தடவை வைத்துப் பார்த்தும் இடம் மிச்சமிருந்தது. அந்தத் தாள்கள் இன்றும் படத்தின் கீழ் ஒட்டப்பட்டிருக்கின்றன.

பூசிய நீலத்தின் மேல் வெள்ளை அடித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். இம்முறை கணக்கு எளிது. சுவரின் பயன்படும் பகுதி பன்னிரண்டு அடி அகலம், ஆறு அடி உயரம். அதாவது 360 சென்ரிமீற்றரும் 180 சென்ரிமீற்றரும் தாராளமாக அடங்கும். உலகம் கிழக்கு மேற்காக 360 பாகை, வடக்கு தெற்காக 180 பாகை. ஆகவே ஒரு பாகைக்கு ஒரு சென்ரிமீற்றர். இதுவும் வடக்கே போகப் போக நிலத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் முறைதான். ஆனால் அடிமட்டம் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் எந்த ஊரையும் தானே குறிக்கலாம் என்ற வசதி வேறு எந்த முறையிலும் இல்லை. மேசன் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் தகப்பனார் தூக்குக்குண்டும் நீலத்தூள் தோய்த்த நூலும் கொண்டுவந்து, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 37 நெடுங்கோடுகளையும் 19 அகலக்கோடுகளையும் ஒரே பிற்பகலில் அடித்துத் தந்தார். நூலை இழுத்துச் சுண்டி விடும் வேலைக்குப் பிள்ளைகளிடையே சண்டையே வந்துவிட்டது.

கரையோரங்களைப் பார்த்துக் கீற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருவர் இருவராகப் பிரிந்து, தேசப்படப் புத்தகத்திலிருந்து கரையோரப் புள்ளிகளின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் வாசித்து, சுவரிற் புள்ளி வைத்து, பின்னர் இணைக்க வேண்டும். டக்கார் வடக்கே 15, மேற்கே 17. சிங்கப்பூர் வடக்கே 1, கிழக்கே 104. ஆபிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனை என்று நான் வாயால் சொன்னதை, ஆபிரிக்காவுக்குப் பொறுப்பான இரு பிள்ளைகள் ஏற்கவில்லை. அதற்குத் தென்கிழக்கே உள்ள அகுல்ஹாஸ் முனைதான் இன்னும் தெற்கே இருக்கிறது என்று புள்ளியை வைத்தே காட்டினார்கள். தென்னமெரிக்காக் குழுவுக்கு வேறு விபத்து. பிறேசிலின் கிழக்கு மூக்கில் இருக்கும் றெசிஃபே நகரம் மேற்கே 35 பாகை. நடுக்கோட்டிலிருந்து இடப்புறமாக எண்ண வேண்டியதைச் சுவரின் இடது விளிம்பிலிருந்து எண்ணிவிட்டார்கள். அந்த நகரம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே போய் விழுந்தது. மூன்று நாள் புள்ளி வைத்த பிறகுதான் கண்டத்தின் முகம் திரும்பியிருப்பதைக் கண்டோம். குறை எண்களை நான் பல ஆண்டுகள் கரும்பலகையிற் கற்பித்திருக்கிறேன். பூச்சியத்துக்கு இடப்புறம் எண் எப்படி வளர்கிறது என்பது அந்த மூன்று நாளில் விளங்கிய அளவுக்கு ஒருபோதும் விளங்கியிருக்காது.

இலங்கையைக் கீறிய அன்று வாசிகசாலையில் ஒரு மௌனம் நிலவியது. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை முழுத் தீவும் நான்கு சென்ரிமீற்றர் உயரந்தான். வன்னி ஒரு சுண்டுவிரல் நகத்தின் அளவு. "கொஞ்சம் பெரிசாக் கீறுவமே, ரீச்சர், ஆருக்குத் தெரியப் போகுது" என்று சின்னவன் ஒருவன் கெஞ்சினான். நான் மறுத்துவிட்டேன். கிறீன்லாந்தைப் பெருப்பித்ததற்காக ஒரு படத்தையே அழித்தவர்கள் நாங்கள்.

நாட்டு எல்லைகளைப் பெயின்றால் கீறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எம்மிடம் மூன்று தேசப்படப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் சோவியத் ஒன்றியம் இருக்கிறது; அது 1991 இல் கலைந்தது. இன்னொன்றில் சூடான் ஒரே நாடாக இருக்கிறது; தென்சூடான் பிரிந்தது 2011 ஆடியில். மூன்றாவதில் மட்டுமே இரண்டும் சரி. பழைய இரண்டையும் கழித்துவிடச் சொன்னவர்கள் உண்டு, நான் வைத்துக்கொண்டேன். கரையோரமும் ஆறுகளும் பெயின்ற், எல்லைகள் வெண்கட்டி என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற காலத்தை அவர்களுடைய தாய்தந்தையர் மறந்திருக்க மாட்டார்கள் என்பதால், அதைப் பற்றி நான் மேலும் விளக்கவில்லை.

எமது ஊர் எந்த அகலக்கோட்டில் இருக்கிறது என்பதை மட்டும் புத்தகத்தில் பார்க்க விடவில்லை. பங்குனி 21 ஆம் திகதியை ஒட்டிச் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கும். அன்று நண்பகலில் நேராக நட்ட கம்பின் உச்சிக்கும் நிழலின் நுனிக்கும் இடையிலான கோடு கம்போடு சேர்ந்து அமைக்கும் கோணமே அவ்விடத்தின் அகலக்கோடு. இலங்கை நேரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே 80.4 இல் இருப்பதாலும், பங்குனியிற் சூரியன் மணிக்கூட்டுக்குச் சற்றுப் பிந்துவதாலும், எமது உண்மையான நண்பகல் அன்று 12 மணி 16 நிமிடமளவில் வரும். ஒரு மீற்றர் கம்பை முற்றத்தில் தூக்குக்குண்டு கொண்டு நேராக நட்டு, 12 மணி முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியிற் சிறுகல் வைத்தோம். மிகக் குறுகிய நிழல் 17 சென்ரிமீற்றர். தாளில் அளவுப்படி கீறிப் பாகைமானியால் அளந்தபோது ஒன்பதரைக்குச் சற்று மேலே வந்தது. உண்மையான விடை 9.4. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால், அரைச் சென்ரிமீற்றர் நிழற்பிழை எம்மை யாழ்ப்பாண நகரத்தின் அகலக்கோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முற்றத்துக் கம்பை வைத்துக்கொண்டு உலகத்தில் அவ்வளவு கிட்டப் போனோம் என்பதில் எனக்குத் திருப்தி, பிள்ளைகளுக்கு இல்லை. சித்திரை வருடப்பிறப்பன்று சூரியன் கிளிநொச்சிக்கு ஏறத்தாழ உச்சியில் நிற்கும் என்று சொல்லிவைத்தேன். புத்தாடையோடு வந்து, 12 மணி 8 நிமிடமளவில் கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் விருந்துக்குப் போனார்கள்.

இதன் பிறகே நூல்கள் சுவருக்கு ஏறின. ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு ஊசி: கதை நடக்கும் இடத்துக்குச் சிவப்பு, நூல் வெளியான இடத்துக்கு நீலம். நீல ஊசிக்கு நூலின் பின்னட்டையே துப்புத் தரும். சர்வதேசத் தராதர நூல் எண்ணில் 978 இற்கு அடுத்து வரும் இலக்கங்கள் 955 அல்லது 624 என்றால் இலங்கை, 81 அல்லது 93 என்றால் இந்தியா, 4 யப்பான், 7 சீனா, 0, 1 ஆங்கில நாடுகள். இது பிள்ளைகளுக்குத் துப்பறியும் விளையாட்டாகவே ஆகிவிட்டது. என் இளமைக் காலத்தில் வாங்கிய, மொஸ்கோவில் தமிழிலேயே அச்சிடப்பட்ட கதைநூல் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தபோது, தமிழெழுத்துக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு மாலை முழுவதும் விவாதித்தார்கள்.

ஊசிகள் குத்தி முடிந்தபோது ஒரு விடயம் கண்ணிற் பட்டது. நீல ஊசிகள் இங்கிலாந்திலும் சென்னையிலும் நெருங்கி நின்றன. சிவப்பு ஊசிகள் பரவலாக நின்றன. அதாவது, பல நாட்டுக் கதைகளை அந்த நாட்டார் அல்லாதவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்துடன் 'ஆபிரிக்காவில் ஒரு கிராமம்' என்ற அளவோடு நிற்கும் நூல்கள் சில இருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டத்தில் ஊசியை எங்கே குத்துவது? நாட்டின் பெயரைச் சொல்லாத நூலுக்கு ஊசி இல்லை என்று விதித்து, அவற்றைத் தனித்தட்டில் வைத்தோம். எல்லா மக்களையும் திருவிழா உடையிலேயே நிறுத்திப் படம் போட்ட தடித்த நூல் ஒன்றும் அந்தத் தட்டுக்குப் போனது. அதில் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை, எந்தத் தாயும் சமைக்கவில்லை. அப்படி ஒரு நூலை வன்னியைப் பற்றி எழுதினால் நாங்கள் ஆண்டு முழுவதும் காவடி எடுத்துக்கொண்டே நிற்போம்.

இடைவெளியை நிரப்பத் திறந்த உரிமத்தில் கிடைக்கும் கதைகள் உதவின. தென்னாபிரிக்காவிலிருந்து நடத்தப்படும் ஆபிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் அக்கண்டத்தின் பல மொழிகளில் எழுதப்பட்ட சிறுவர் கதைகள் உள்ளன; பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே கதைகள் கிடைக்கின்றன. எவரும் இலவசமாக இறக்கி அச்சிடலாம். தாளின் இருபுறமும் அச்சிட்டு, மடித்து, அதே கோதுமைப் பசையால் அட்டை ஒட்டினோம். எந்த மொழியிற் பிறந்த கதை, யார் வழியாகத் தமிழுக்கு வந்தது என்று பின்பக்கத்தில் எழுதிவைப்பது ஒன்பதாம் தரப் பிள்ளைகளின் பொறுப்பு.

பண்பாடுகளைப் பற்றிய பகுதியில் நான் பெரிதும் தடுமாறினேன். எதையும் நமது வழக்கத்தோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் உடனே பற்றிக்கொள்கிறார்கள். கானாவில் ஆடும் ஓவாரே நமது பல்லாங்குழிக்கு உறவுக்காரன் என்றதும் இரண்டு வாரம் வேறு வேலை நடக்கவில்லை. நமது பலகையில் இரண்டு வரிசையில் ஏழேழு குழி. ஓவாரேயில் ஆறாறு, குழிக்கு நான்காக 48 விதைகள். நாம் குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்போம். அங்கே எதிரியின் குழியில் இரண்டோ மூன்றோ ஆகும்படி கடைசி விதை விழ வேண்டும். புளியங்கொட்டையால் இரண்டையும் ஆடிப் பார்த்தார்கள். எதியோப்பியாவின் இஞ்சேரா, தெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவிட்டுச் சுடுவது என்று வாசித்ததும், "அது அப்பந்தான்" என்று தீர்ப்பு வந்தது. இந்த இடத்தில்தான் நான் நிறுத்தினேன். அப்பத்தை நாம் ஆளுக்கொன்றாகத் தட்டில் வைத்து உண்கிறோம். அங்கே ஒரே பெரிய இஞ்சேராவைச் சுற்றி வீட்டார் எல்லோரும் இருந்து, அதிலிருந்தே பிய்த்து உண்கிறார்கள். ஒன்றுபோல இருப்பதோடு நின்றுவிட்டால் அடுத்தவரை அறிந்ததாகாது என்பதால், ஒவ்வொரு நூலிலும் 'இங்கே இல்லாதது' ஒன்றையும் எழுதச் சொன்னேன். நோர்வேயின் துரொம்சோ நகரத்துப் பிள்ளையைப் பற்றிய நூலில் அது எளிதாகக் கிடைத்தது: கார்த்திகைக் கடைசி முதல் தை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. கதவடைத்த அறையில் மின்சூளும் பந்தும் கொண்டு அதை நடத்திக் காட்டினோம். "அப்ப பள்ளிக்கூடமும் இல்லையோ?" என்ற கேள்விக்கு, உண்டு என்ற பதில் பெரும் ஏமாற்றம் அளித்தது.

தென்னமெரிக்காவில் மட்டும் சிவப்பு ஊசி நிற்கவேயில்லை. நூல் இல்லை. ஆகவே, வீட்டு வளவில் உள்ளவற்றுள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை எவை என்று தேடச் சொன்னேன். மரவள்ளி, கச்சான், மரமுந்திரிகை ஆகியவை தென்னமெரிக்காவிலிருந்தும், பப்பாசி நடு அமெரிக்காவிலிருந்தும், மிளகாய் அதே அமெரிக்கப் பகுதிகளிலிருந்தும் ஐரோப்பியர் காலத்துக் கடல்வழி வந்தவை. மத்தியானக் கறியிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஒருத்தி கேட்டாள். மிளகு என்றேன். வேறு திசைகளுக்கும் நூலிழை கட்டினோம்: மன்னாரில் நிற்கும் பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா, வாடைக்காற்றுக் காலத்தில் வங்காலைக் கடலேரிக்கு வரும் ஊசிவால் வாத்துகள் வட ஆசியாவிலிருந்து வருபவை.

இந்தச் சுவரை எதிர்பாராத விதமாகப் பயன்படுத்துபவர் ஒரு பிள்ளையின் அம்மம்மா. அவருடைய மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது என்பதைப் பேரன் சொல்லிக் கொடுத்தபின், அடிமட்டத்தால் 160 சென்ரிமீற்றரை அளந்து, பதினைந்தால் வகுத்து, பத்தரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வருகிறது என்று தாமே கண்டுபிடித்தார். கோடையில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவதால் ஒன்பதரை ஆகிவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சுவர் அசையாமலிருக்க மணிக்கூட்டை ஏன் அசைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

மாரி தொடங்கியதும் சுவரின் இடது கீழ் மூலையில் ஈரம் ஊறி, தெற்குப் பசிபிக்கில் பெயின்ற் கொப்பளித்து உரிந்துவிட்டது. வெளிப்புறத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தைப் பூசாமற் படம் கீறத் தொடங்கியது என் இரண்டாவது பெரிய பிழை. தை பிறந்து சுவர் காய்ந்ததும் பழைய பூச்சைச் சுரண்டி, வெளிப்புறத்தைச் சீமெந்தால் பூசி, மறுபடி நீலம் அடிக்க வேண்டும். அதற்கிடையில் உரிந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் அளந்து, அது எந்தத் தீவாக இருக்கலாம் என்று தேசப்படத்தில் தேடிக்கொண்டிருக்கிறான், இலங்கையைப் பெருப்பிக்கச் சொன்ன சின்னவன்.